நிலவறை அலமாரியும் ஐந்து பீங்கான் தட்டுகளும்

ஐந்து பீங்கான் தட்டுகளுக்குப் பயந்து ஒரு பெண் ஆறு வருடம் தலைகுனிந்து நடந்தாள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் புடாபெஸ்டின் எட்டாவது வட்டாரத்தில், எங்கள் கட்டடத்தில், என் கண்ணெதிரே நடந்தது இது. அந்த ஐந்தில் ஒரு தட்டு என்னுடையது.

அவள் பெயர் ஹலாபி வில்மா. இரண்டாம் மாடியில், முற்றத்தைச் சுற்றி ஓடும் நடைபாதையில் கடைசிக் கதவு அவளுடையது. அதிலிருந்து மூன்றாவது என்னுடையது. ஒரு நாடக அரங்கின் பட்டறையில் இருபத்தேழு வருடம் தச்சு வேலை பார்த்தவள். அவள் கணவன் கல்மான் அதே அரங்கில் விளக்குப் போடுகிறவன். காலையில் இரண்டு பேரும் ஒரே டிராமில் போவார்கள், இரவில் ஒரே டிராமில் வருவார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். பிள்ளை இல்லை. அந்தச் சண்டைதான் அவர்களுக்குப் பிள்ளை மாதிரி.

ஒரு மார்ச் மாதம் ஏணிமேல் நின்றபடியே கல்மானுக்கு நெஞ்சு அடைத்தது. இறங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, அப்படியே போய்விட்டான்.

மறுநாளே கட்டடத்தில் இருந்த ஐந்து வீட்டார் வில்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். மூன்றாம் மாடி ஃப்ரூசினா முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுற்றி வேகவைத்து, மேலே வெள்ளைத் துணி மூடி எடுத்து வந்தாள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவளுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். நான் கொண்டுபோனது புளிப்புச் செர்ரி கேக், நீலக்கரை போட்ட தட்டில்.

எங்கள் பக்கத்தில் சாப்பாடு வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நாலு வால்நட்டாவது, ஒரு ஆப்பிளாவது வைத்துத்தான் கொடுப்போம். வில்மா ஐந்து தட்டுகளையும் கழுவித் துடைத்து வைத்தாள். முதல் மாதம் அடுப்பைப் பற்றவைக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பு? ஈஸ்டருக்கு ஏதாவது சுட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தாள், ஈஸ்டர் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்குக் கசகசாச் சுருள் செய்தாள். அடுப்பில் வைத்துவிட்டுக் கல்மானின் மேல்சட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். சுருள் கரியாகிவிட்டது. அதற்கப்புறம் நாலு வால்நட்டுடன் வந்து நின்றால், இவ்வளவு காலம் கழித்து இதுதானா என்று கேட்பார்களே என்று கூசினாள். நாள் ஆக ஆகத் தட்டில் வைக்க வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் எதை வைத்தாலும் போதாது என்று ஆகிவிட்டது.

ஐந்தையும் செய்தித்தாளில் சுற்றிச் சரக்கறையின் உச்சிப் பலகையில் வைத்தாள். பிறகு எங்களைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தாள். என் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அவள் கதவு திறக்காது. சந்தைக்கு நாங்கள் போகாத நேரமாகப் பார்த்துப் போவாள். பட்டறையை ஊருக்கு வெளியே மாற்றியபோது வேலையும் நின்றது. அப்புறம் பகல் முழுக்க அந்த வீட்டில் ஒரு நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்காது.

நாங்கள் என்ன நினைத்தோம்? திமிர் என்று நினைத்தோம். தட்டைக்கூடத் திருப்பித் தரவில்லை பார் என்று பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

இதற்கிடையில் ஆறாவது குளிர்காலத்தில் ஃப்ரூசினா இறந்துவிட்டாள். கட்டடமே அவள் கணவர் எர்னோவின் கதவில் போய் நின்றது. வில்மா மட்டும் வரவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் அவள் நின்றதை நான் பார்த்தேன். செத்தவளின் தட்டைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, அவள் புருஷனிடம் இன்னொரு தட்டோடு எப்படிப் போவாள்? அன்றிலிருந்து வில்மா மூன்றாம் மாடிப் பக்கம் கண்ணைக்கூட உயர்த்தவில்லை.

அந்த வருடங்களில்தான் எங்கள் ஊர் நிலவறைகளில் புதிர் அறைகள் முளைத்தன. ஆறேழு பேரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒளித்துவைத்த சாவியைக் கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். எங்கள் கட்டடத்தின் நிலக்கரி நிலவறையில் பாதியைத் தீமார் லோரின்ட்ஸ் என்ற இளைஞன் வாடகைக்கு எடுத்தான். தச்சர் தேவை என்று வாசல் கதவில் சீட்டு ஒட்டினான். மறுநாள் காலை, காதில் பென்சில் செருகிக்கொண்டு வில்மா நிலவறைப் படியில் இறங்கினாள். கல்மான் போனபிறகு அவள் தானாக ஒருவரைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை.

அந்தப் பேச்சை லோரின்ட்ஸ் பிறகு எங்களுக்கு நடித்தே காட்டுவான். வயதான பெண்களை நாங்கள் அத்தை என்பது போல 'நேனி' என்றுதான் கூப்பிடுவோம்.

"வில்மா நேனி, எனக்கு ஒரு அலமாரி வேணும். ஆனா சாமான் வைக்க இல்ல. ஏறுறதுக்கு."

"யார் ஏறப்போறது?"

"யார் வேணாலும்."

"அப்படிச் சொன்னா எப்படிப்பா? ஆள் யாரு, எத்தன கிலோ, எந்தக் கால முதல்ல வைப்பான்?"

லோரின்ட்ஸ் சிரித்துவிட்டான். ஆனால் அவள் கேட்டது வேடிக்கைக்கு இல்லை. நாடக மேடையில் ஒவ்வொரு படியும் ஒரு ஆளுக்காகச் செய்வது. இந்த நடிகன் எண்பது கிலோ, இடது காலை முதலில் வைப்பான், மூன்றாம் படியில் நின்று வசனம் பேசுவான் என்று கேட்டுக்கொண்டுதான் வில்மா உளியை எடுப்பாள். ஒரு ஆள், ஒரு பாதை, ஒரு எடை. இருபத்தேழு வருடம் அவள் கை அப்படியே பழகிவிட்டது.

"டிக்கெட் வாங்குறவங்க எல்லாரும் ஏறுவாங்க நேனி. ஸ்வீடன்காரன், ஸ்பெயின்காரி, கல்யாணத்துக்கு மொத நாள் குடிச்சுட்டு வர்ற மாப்பிள்ளத் தோழங்க."

அவள் பென்சிலை எடுத்துத் தாளில் எழுதினாள்: நூற்றிருபது கிலோ. தெரியாத கால்.

அந்த அறை ஒரு பழைய வீட்டின் சரக்கறையாக இருக்க வேண்டும். உச்சிப் பலகையில் இருக்கும் ஜாம் டப்பாவில் ஒரு கடிதம். அதை எடுக்க ஏணி கிடையாது, அலமாரிதான் வழி. பார்த்தால் சாதாரண அலமாரி, ஏறினால் பாறை. அதைத்தான் லோரின்ட்ஸ் கேட்டான்.

வில்மா மூன்று வாரம் உழைத்தாள். ஒவ்வொரு பலகையும் நாலு விரல் கனத்தில், பீச் என்ற கெட்டியான காட்டு மரம். திருகாணியை நம்பாமல், நிற்கும் மரத்தில் பள்ளம் வெட்டிப் பலகையை அதில் இறக்கினாள். அடியில் ஒரு தாங்குகட்டை. கை பிடிக்கும் விளிம்பை உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழந்தையின் கன்னம் மாதிரி ஆக்கினாள். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் ஒரு முழங்கால் உயரம், அதற்கு மேல் இல்லை. அலமாரி முழுவதையும் சுவரோடு எட்டுத் திருகுக் கம்பிகளால் பிணைத்தாள். தினமும் காலையில் தானே ஏறி உச்சியைத் தொட்டுவிட்டு இறங்குவாள். கடைசியில் ஒவ்வொரு பலகையிலும் நூற்றிருபது கிலோ மணல் மூட்டை ஏற்றி இரண்டு நாள் விட்டுப் பார்த்தாள். ஒரு முனகல்கூட இல்லை.

அந்த மூன்று வாரமும் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. மரத்தூள் ஒட்டிய தலையோடு படியேறி வருவாள். ஒருநாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். லோரின்ட்ஸின் கூட்டாளிப் பெண் டல்மா மட்டும் ஒருமுறை, அலமாரியில் அடுக்கப் பழைய பீங்கான் தட்டு இருந்தால் அழகாக இருக்குமே என்று கேட்டிருக்கிறாள். வில்மாவின் கை உப்புத்தாளோடு நின்றுவிட்டதாம். ஏறுகிற இடத்தில் உடைகிற பொருள் கூடாது, தகரம் வை, எனாமல் வை என்று சொல்லிவிட்டாள். நியாயமான பதில்தான். அதன் பின்னால் இருந்த பதில் டல்மாவுக்கு எப்படித் தெரியும்?

திறப்பு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை லோரின்ட்ஸ் தன் நண்பர்கள் ஐந்து பேரை விளையாடிப் பார்க்க வரவழைத்தான்.

முதலில் ஒருவன் ஏறினான். அலமாரி அசையவில்லை. அவன் மூன்றாம் பலகையில் நின்று கீழே இருந்த பெண்ணுக்குக் கை நீட்டினான். அவள் பலகையைப் பிடிக்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இன்னொருவன் பக்கவாட்டில் தொங்கி, மேலே இருப்பவனுக்கு ஒரு டப்பாவை எட்டிக் கொடுத்தான். நாலாமவன் சிரித்துக்கொண்டே பின்னுக்குச் சாய்ந்தான். ஒருவர் தோளில் ஒருவர், ஒருவர் இடுப்பைப் பிடித்து ஒருவர், மொத்தக் கூட்டமும் சுவரைவிட்டு வெளியே தொங்கியது.

மேல் வரிசைக் கம்பிகள் சுவரிலிருந்து ஒரு விரல் அளவு வெளியே வந்தன. நூறு வருடத்துக் காரை பொடிப்பொடியாக வில்மாவின் தலையில் கொட்டியது. அவள் தோளைக் கொடுத்து அலமாரியைத் தாங்கியபடி எல்லாரையும் இறங்கச் சொன்னாள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் லோரின்ட்ஸின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று பலகை எழுதி மாட்டலாமா என்றான். அதை யார் படிப்பார்கள், இரும்புச் சட்டம் அடிக்கிற ஆட்களை நாளைக்கே கூப்பிடுவோம், அலமாரியைப் பிரித்து எடுத்துவிடலாம் என்றாள் டல்மா. இரண்டு பேரும் வில்மாவின் முன்னாலேயே, அவள் அங்கே இல்லாதது போலப் பேசிக்கொண்டார்கள்.

வில்மா சுவரில் கையை வைத்தபடி நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஒருத்தி ஏறுறதத்தான் நெனச்சேன். தனியா ஏறுறவ அலமாரியக் கட்டிப்பிடிச்சுக்குவா. நாலு பேரு ஏறினா அலமாரியப் பிடிக்கிறதில்ல, ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கறாங்க. அது எனக்குத் தோணவே இல்லப்பா." தலையிலிருந்த காரையைத் தட்டிவிட்டாள். "வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும் கொடு."

கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு மணி நேரமும் இல்லை என்றார்கள்.

அந்த அலமாரியைப் பிரித்துவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? மறுபடி அந்த வீடு, அந்த நாற்காலி, கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்கும் அந்த நிற்பு. அலமாரியைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, கம்பிகள் காரையைப் பிடித்து நிற்கக் கூடாது. சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் போய், இரும்புத் தகட்டில் முடுக்க வேண்டும். சுவரின் அந்தப் பக்கம் வீட்டாருக்கான கரி அறைகள். சரியாக அந்த இடத்தில் இருந்தது எர்னோவின் அறை. இரண்டு, கூட்டமாக ஏற ஆட்கள் வேண்டும். ஒரு மனிதக் கூட்டம் எங்கே சாய்கிறது, எதைப் பிடிக்கிறது என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும். மணல் மூட்டை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. லோரின்ட்ஸின் நண்பர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். வில்மாவுக்கு இந்த உலகத்தில் கூப்பிட எத்தனை பேர்? யோசித்துப் பார்த்தால், ஐந்து கதவுகள்தான். ஐந்துக்கும் அவளிடம் ஒவ்வொரு தட்டு இருந்தது.

புதன்கிழமை காலை நடைபாதையில் ஒரு வாசனை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெண்ணெய், பாலாடைக்கட்டி, உப்பு. போகாச்சா என்கிற எங்கள் உப்பு ரொட்டி சுடுகிற வாசனை. எங்கிருந்து என்று திரும்பிப் பார்த்தேன். வில்மாவின் சமையலறை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவள் கதவு திறந்தது. ஒரு தட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி. அவள் என்னைக் கடந்து மூன்றாம் மாடிப் படியில் ஏறினாள். எங்கள் முற்றத்தில் மேலே பேசினால் தரைத்தளப் பூனைக்கும் கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

கதவு திறந்தது. எர்னோ ஓய்வுபெற்ற டிராம் ஓட்டி. யார் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் பெண்களைக் கண்டால் வாயில் முதலில் வருவது அந்தப் பழைய வணக்கம்தான்.

"கைக்கு முத்தம்," என்றார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"அது ஆறு தட்டு செட்டு," என்றார் எர்னோ. "ஆறு வருஷமா ஆறாவது ஆளுக்கு எங்க வீட்ல பாத்திர மூடியிலதான் சாப்பாடு. என் மச்சினன்தான் அந்த ஆறாவது ஆளு. ரோஷப்பட்டு வர்றதையே நிறுத்திட்டான். அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்."

வில்மா சிரிக்கவில்லை.

"அவங்க சாவுக்கு நான் வரல."

"வரல. கவனிச்சேன்."

"தட்டு என்கிட்ட இருந்துச்சு. அத வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட வர்றது?"

எர்னோ பெருமூச்சு விட்டது கீழேவரை கேட்டது.

"அவ கேட்டா. தட்டக் கேக்கல. படுத்த படுக்கையில தெனமும் கேப்பா, வில்மா வீட்ல அடுப்பு எரியுதா, ஏதாச்சும் வாசம் வருதா பாருன்னு. எனக்கு மூக்கு சரியில்ல. தெரியலம்மான்னு சொல்லுவேன். கடைசி வாரம் பொய் சொன்னேன். வருதுன்னு சொன்னேன். அப்பத்தான் தூங்கினா."

கடவுளே, நான் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேலே வில்மா அழும் சத்தம் கேட்டது. கல்மான் போன அன்றுகூட அவள் அப்படி அழுது நாங்கள் கேட்டதில்லை. அது ஓய நேரம் ஆனது. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பேசினாள்.

"உங்க கரி அறைச் சுவத்துல ஓட்ட போடணும்."

"என்னது?"

"எட்டு ஓட்ட."

"ஆறு வருஷம் கழிச்சு வந்து, என் வாசல்ல நின்னு அழுதுட்டு, என் சுவத்துல ஓட்ட போடணும்கறீங்க."

"ஆமா. அப்புறம் நீங்க கீழ வந்து என் அலமாரியில ஏறணும்."

"எனக்கு எழுபத்தொண்ணு வயசு."

"வயசு வேணாம். நூறு கிலோ இருப்பீங்கல்ல, எனக்கு அதுதான் வேணும்."

"எந்தப் பொம்பளையும் என்னை இப்படி அழைச்சதில்ல," என்றார் எர்னோ. "சாவி ஆணியில தொங்குது. என் உருளக்கிழங்கு மேல தூசி விழாமப் பாத்துக்கோங்க."

அடுத்து என் கதவு. நீலக்கரைத் தட்டு, அதில் போகாச்சா. நாங்கள் உன்னைப் பற்றி என்னென்ன பேசினோம் தெரியுமா என்று ஒப்புக்கொள்ள நினைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நிலவறைக்கு வருகிறேன் என்றும் சொன்னேன்.

முதல் மாடித் தபால்காரி வந்தாள், அவள் புருஷனும் வந்தான். மற்றொரு வீட்டுச் சகோதரிகள் இருவர். ஐந்தாவது தட்டுக்குச் சொந்தக்காரரான தையல்காரர் எப்போதோ மகள் ஊருக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது வேறொரு இளம் ஜோடி. வில்மா அவர்களிடமே தட்டைக் கொடுத்தாள். எதற்கென்று அவர்களுக்குப் புரியவில்லை. சூடாக இருந்ததால் வாங்கிக்கொண்டார்கள். அவர்களும் வந்தார்கள்.

வியாழக்கிழமை முழுக்க நிலவறையில் துளைக்கும் சத்தம். வில்மா எட்டுக் கம்பிகளையும் சுவரின் மறுபக்கம் கொண்டுபோய், உள்ளங்கை அகலத் தகடுகளில் முடுக்கினாள். கீழ்ப் பலகையை முன்னால் நீட்டிப் பெஞ்சு மாதிரி ஆக்கினாள். கூட்டம் வெளியே சாய்ந்தாலும் அலமாரியின் பாதம் அதற்கு முன்னால் தரையில் ஊன்றி நிற்க வேண்டும் என்பது அவள் யோசனை.

வெள்ளிக்கிழமை மதியம் எட்டுப் பேர் நிலவறைக்குள் இறங்கினோம். வில்மா அலமாரியின் உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் நுனிக்கு நேராகத் தரையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அந்தக் குண்டு புள்ளியைவிட்டு நகர்ந்தால் அவள் வேலை தோற்றது என்று அர்த்தம். எங்களை ஏறச் சொன்னாள்.

எர்னோ முதலில் ஏறினார், டிராமில் ஏறுவது போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு. பின்னால் தபால்காரி. அவள் ஏறும்போது அவருடைய கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆறு வருடமாக முற்றத்தில் கேட்காத சிரிப்பு. நான் இரண்டாம் பலகையில் நின்றபோது சகோதரிகளில் மூத்தவள் என் தோளைப் பற்றிக்கொண்டாள். எட்டுப் பேரும் மேலே, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. வில்மா தரையில் மண்டியிட்டுக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது புள்ளிமேல் ஆணி அடித்தது போல நின்றது.

அவள் தாளில் ஏதோ எழுதினாள். பிறகு எங்களை இறக்கி, மறுபடி ஏற்றினாள். அப்படி ஐந்து தடவை. கூட்டமாக ஏறுகிறவர்கள் எல்லாரும் நாலாவது பலகையில் நின்று பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்தாள். தனியாக ஏறியபோது அவள் அங்கே ஒருநாளும் நின்றதில்லை. நின்று யாரிடம் பேசுவது? உடனே அந்தப் பலகையை அகலமாக்கினாள், அதன் ஓரத்தில் ஒரு பிடிகட்டை வைத்தாள்.

மேலே இருந்து எர்னோ கேட்டார், "நீங்க ஏறலையா?"

"யாராச்சும் பென்சில் பிடிக்கணுமே," என்றாள் வில்மா.

சாயங்காலம் லோரின்ட்ஸும் டல்மாவும் வந்தார்கள். எங்கள் எட்டுப் பேரையும் ஏற்றிக் குலுக்கிப் பார்த்தார்கள். லோரின்ட்ஸ் கீழே இறங்கி வில்மாவின் கன்னத்தில் முத்தமிட்டான். அலமாரி நின்றது. இரும்புச் சட்டம் வரவில்லை. நாங்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே படியேறினோம். வில்மா மட்டும் கடைசி விளிம்பைத் தேய்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்தங்கினாள்.

கதையை இங்கேயே முடித்தால் எனக்கு நன்றாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை ஒன்று இருக்கிறதே.

சனிக்கிழமை திறப்பு. வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். நிலவறைச் சிரிப்பு தண்ணீர்க் குழாய்கள் வழியாக எல்லா வீட்டுச் சமையலறைக்கும் ஏறி வந்தது. வில்மாவின் சமையலறைக்கும் போயிருக்கும். அலமாரியைச் செய்தவளைத் திறப்புக்குக் கூப்பிட லோரின்ட்ஸுக்குத் தோன்றவில்லை. வேலை முடிந்த தச்சரை யார் நினைக்கிறார்கள்? எனக்கும் தோன்றவில்லை. என் அக்கா மகள் வந்திருந்தாள், கோழி சூப் வைத்திருந்தேன். இரண்டு தடவை வில்மாவின் கதவைத் தாண்டிப் போனேன், தட்டவில்லை. என் தட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டது, இனி அந்தக் கதவில் எனக்கு என்ன வேலை என்று என் மனம் சொல்லாமல் சொல்லியது. அந்தத் தட்டுகள் அவளிடம் இருந்த வரைக்கும், கோபமாகவாவது நாங்கள் அவளை நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது அதுவும் இல்லை.

அவள் ஜன்னல் வழியாகத் தெரிந்தாள். மேஜையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கீழே இருந்து வரும் சிரிப்பைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் இறந்தவர்களின் நாள். ஊரே சாமந்திப் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போனது. வில்மா கல்மானின் கல்லறையில் விளக்கேற்றிவிட்டு, நாலு வரிசை தாண்டி நடந்து, முதல் தடவையாக ஃப்ரூசினாவின் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். அங்கே ஏற்கெனவே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன், பக்கத்தில் போகவில்லை.

அவள் திரும்பி வந்தபோது வாசல் மிதியடிமேல் ஒரு தட்டு இருந்தது. ஃப்ரூசினாவின் தட்டு. அதே வெள்ளைத் துணி, ஆனால் ஆண்பிள்ளை மூடியதால் கோணலாக இருந்தது. உள்ளே அவித்த உருளைக்கிழங்கு நாலு, தோலோடு, இன்னும் சூடாக. பக்கத்தில் பழைய டிராம் கால அட்டவணையின் பின்புறத்தில் எழுதிய ஒரு சீட்டு. அதைப் பிறகு ஒருநாள் எனக்குக் காட்டினாள்.

"தூசி விழுந்துவிட்டது. கழுவிவிட்டேன். தட்டுக்கு அவசரமில்லை."

வில்மா வாசலிலேயே நின்று ஒரு கிழங்கைத் தின்றாள். உப்பில்லை போலிருக்கிறது, உள்ளே போய் எடுத்துவந்து மறுபடி வாசலிலேயே நின்று தின்றாள். மூன்றாம் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே கதவு மூடியிருந்தது.

பிறகு தட்டைக் கழுவினாள். துடைத்தாள். செய்தித்தாளைத் தேடவில்லை, சரக்கறைக்குள்ளும் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். மாவு டப்பாவைத் திறந்து கவிழ்த்துத் தட்டினாள். இருந்த மாவெல்லாம் புதன்கிழமையே தீர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் தெருவில் கடை கிடையாது.

நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தத் தட்டுக்கு எதிரே, திங்கட்கிழமைக்காக உட்கார்ந்தாள்.